விலை குறைக்கப் போனவர்

சுவரை நகத்தால் சுரண்டி, வந்த வெள்ளைத் தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார் காசிலிங்கம். முகத்தைச் சுளித்தார். வீட்டுக்காரம்மா தெய்வநாயகி பார்த்துக்கொண்டிருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே சுளித்தார்.

"உப்பும்மா. செவுரு பூரா பூத்துக் கெடக்குது. இதுக்கு எப்டிம்மா பேசுன வெல குடுக்கறது?"

"மரக்காணத்துல எந்த ஊட்டு செவுருலப்பா சக்கர பூத்துது?" என்றார் தெய்வநாயகி.

இந்த வீட்டை வாங்க வெற்றிலை பாக்கு மாற்றி, அட்வான்ஸும் கொடுத்தாகிவிட்டது. பத்திரப்பதிவுதான் பாக்கி. விலை பேசிய அன்று காசிலிங்கத்தின் கண்ணில் பட்டதெல்லாம் தென்னை மரமும் கிழக்கு வாசலும்தான். குறைகள் மறுநாளிலிருந்துதான் தெரிய ஆரம்பித்தன. ஒரு லட்சமாவது குறையாவிட்டால் மனைவி பொன்னியின் சங்கிலி அடகுக்குப் போகவேண்டும். அம்மா வீட்டில் போட்ட சங்கிலி. ஏற்கெனவே ஒருமுறை மகன் படிப்புக்காகப் போய், வட்டியோடு மல்லுக்கட்டித் திரும்பி வந்தது. "கொறச்சிக்கினு வாய்யா. இல்லன்னா என் கழுத்துப் பக்கமே வராத" என்று சொல்லிவிட்டாள். நியாயம்தானே.

ஆகவே உப்பளத்தில் வேலை முடிந்ததும் வண்டியை நேரே இங்கே விடுகிறார். ஆனால் அவருடைய கைதான் அவருக்கு எதிரி. காலமெல்லாம் உப்புப் பாத்திகளுக்குத் தண்ணீர் கட்டிப் பழகிய கை. வரப்பில் ஊசிமுனை அளவு கசிவு கண்டாலும், குனிந்து சேற்றை அப்பாமல் தாண்டிப் போக அவரால் முடியாது. கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்காருமுன் கைகழுவுகிற குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். சட்டைப்பையில் எப்போதும் சைக்கிள் ட்யூப் துண்டும் கொஞ்சம் சணலும் இருக்கும்.

முதல் தடவை, "கொழா ஒழுவுதும்மா" என்று குறைக்கச் சொன்னார். தெய்வநாயகி உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் சணல் சுற்றி முறுக்கி முடித்திருந்தார். "எங்கப்பா ஒழுவுது?" என்றார் அந்த அம்மாள், குழாயைத் திருகிப் பார்த்து. அடுத்தது மொட்டைமாடி விரிசல். அதைக் காட்டத்தான் மேலே ஏறினார்; இறங்கும்போது கையெல்லாம் சிமெண்டு. அதற்குப் பிறகு தெய்வநாயகியே, "பின்கதவு தரையில இடிக்குது, அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியேப்பா?" என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். கெட்டிக்காரி!

சுவரைச் சுரண்டியதற்கு மறுநாள் பொன்னியும் கூட வந்துவிட்டாள். தனியே அனுப்பினால் மனுஷர் வெள்ளையடித்துவிட்டுத்தான் திரும்புவார் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. வழியெல்லாம் பாடம் சொன்னாள்.

"கைய பின்னால கட்டிக்கய்யா. கொறைக்கலன்னா அட்வான்ஸ திருப்பிக் கேளு. வாசல் கேட்டத் தாண்டறதுக்குள்ள கூப்புடுவாங்க பாரு."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பேசினார். தெய்வநாயகி ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை.

"பாண்டிலேர்ந்து ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிருக்காரு. உனக்கு வேணாம்னா சொல்லிடுப்பா."

காசிலிங்கத்துக்கு இந்த வீட்டை விட்டால் இன்னொரு வீடு இந்த ஜென்மத்தில் இல்லை. ஆனாலும், "அப்போ அட்வான்ஸ ரெடி பண்ணி வைங்க" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு நடந்தார். திரும்பியே பார்க்கவில்லை. பின்னால் வந்த பொன்னிக்குப் பெருமையாக இருந்தது.

கட்டிய கையைப் பிரிக்காமல் முழங்காலால் கேட்டைத் தள்ளினார். உப்புக்காற்றில் துருவேறிய கீல் கிறீச்சென்று கத்தியது.

காசிலிங்கம் நின்றார். முழங்காலாலேயே இன்னொரு முறை மெல்லத் தள்ளிப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாகவே பிரிந்து வந்து கீலைத் தடவின.

"யம்மா, கொஞ்சம் தேங்கா எண்ண இருந்தா குடுங்க."

தெய்வநாயகி எண்ணெய்க் கிண்ணத்தோடு ஏற்கெனவே படியிறங்கிக்கொண்டிருந்தார். பொன்னி கணவரையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோய், சங்கிலியின் கொக்கியைத் தேடினாள்.