திருக்கழுக்குன்றம் சாலைக் கிணற்றில் ஒரு சிலிண்டர்

1975 மே மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஐந்தே கால் மணிக்கு, சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்த என் வாடகை அறையில், மீசையை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவசர முடிவல்ல. இரண்டு வாரம் யோசித்திருந்தேன். அறைத் தோழர்கள் இருவரிடமும் கலந்தாலோசித்தேன். ஒருவர் கடுமையாக எதிர்த்தார், மற்றவர் தூங்கிக்கொண்டிருந்தார். நீருக்கடியில் அணியும் கண்ணாடிக்குள் மீசை வழியாகத் தண்ணீர் கசியும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

எனக்கு மூழ்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர், கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூழ்காளர். நான் செங்கல்பட்டில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஸ்டோர் கிளார்க். சதுரங்கப்பட்டினம் அருகே கடலுக்குள் நடந்த வேலைக்கு மூழ்காளர் ஒருவர் வேண்டியிருந்தது, மனுக் கொடுத்தேன். அன்றைய தேர்வில் தேறினால் எனக்குக் கடல். இல்லையென்றால் பம்பாயிலிருந்து ஆள் வரும். எனக்கு மறுபடியும் ஆணிப் பெட்டிகள்.

செங்கல்பட்டுக்கு ரயிலில் முப்பது காசு. அங்கே மாஸ்டர் சிலிண்டரோடு காத்திருந்தார். ஏழு மணித் திருக்கழுக்குன்றம் பேருந்தில் நாற்பத்தைந்து காசு. கண்டக்டர் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் கீது உள்ள?"

"வெறும் காத்து."

"காத்த இன்னாத்துக்கு மூட்டை கட்டிகினு போறீங்க? வழியெல்லாம் கீதே!"



பன்னிரண்டு கிலோமீட்டரில் இறங்கினோம். அலையும் கலங்கலும் இருந்ததால் கடலை விட்டுவிட்டு, மாஸ்டர் ஒரு பாசனக் கிணற்றைத் தேர்ந்தெடுத்திருந்தார். இருபத்தைந்து அடித் தண்ணீர். தேர்வுக்கான பயிற்சி எளிது: அடியில் மண்டியிட்டு, சிலிண்டர், கண்ணாடி, இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மூச்சை விட்டபடியே மேலே வர வேண்டும். பிறகு ஒரே மூச்சில் இறங்கி, அங்கேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

கழற்றும் பாதி நன்றாகவே முடிந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்த அந்த நொடியை இன்றும் மறக்கவில்லை. மேலே வட்டமாகப் பச்சை வெளிச்சம். என் மூச்சுக் குமிழிகள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவ்வளவு அமைதியை அதற்குப் பிறகு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை.

"கலங்கின மண்டி தெளியட்டும். நான் வர்ற வரைக்கும் இறங்காதே," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போனார். கிணற்றுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, முதுவுல ஒண்ணு மாட்டிகினு போனியே, எங்க அது?"

"கீழ வெச்சிட்டு வந்திருக்கேம்மா."

"வெச்சிட்டு வந்தியா, வுட்டுட்டு வந்தியா? எங்க வூட்டுக்காரரும் போன வாரம் ஸ்பேனர வுட்டுட்டு இப்டித்தான் சொல்லிகினு இருந்தாரு."

அந்த அம்மா போய்விட்டார். மாஸ்டர் வருவதற்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சைச் சீராக்கிக்கொண்டு இறங்கினேன். பாதி ஆழத்தில் ஏதோ தோளில் இடித்தது. நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். சிலிண்டர் மேலே போய்க்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட ரப்பர் குழாயைப் பிடித்து இழுத்தேன். அது பிய்ந்து கையோடு வந்தது.

மேலே வந்தபோது அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கயிற்றின் முனையில் குடம் எடுக்கும் பாதாளக் கரண்டி. அதன் கொக்கியில் சிலிண்டரின் வார். பக்கத்தில் டீ கிளாசுடன் மாஸ்டர்.

"உங்க ஆளு பேஜாராயி குந்திகினு இருந்தான் சார். டப்பு ஒண்ணும் வேணாம்."

மாஸ்டர் என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். அவரிடம் இருந்தது அந்த ஒரு செட்தான்; தேர்வு அத்தோடு முடிந்தது. மூவரும் கேழ்வரகுக் கூழ் குடித்தோம். பிரமாதமான கூழ்.

இதே பயிற்சிக்குப் போகிறவர்கள் காலை ஏழு மணிக்குள் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பத்துக்கு மேல் வெயில் தாங்காது. பொருளை வேண்டுமென்றேதான் கீழே வைப்போம் என்பதைக் கிணற்றுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் கரண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வருடம் கழித்தும் எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. விழுந்ததை எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பம்பாய் ஆள் வந்தார். அவருக்கு ஒரு கண்ணாடியும் ஒரு ஜோடி துடுப்புச் செருப்பும் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.