நூலகத்தில் இறந்துபோன என் வீட்டுக்காரர்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தட்டச்சு செய்கிறாள். என் பேச்சைச் சலித்துச் சலித்துப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். அன்றைக்கு வாய்விட்டுப் பேசியதை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

காங்கேயத்தில் ஞாயிற்றுக்கிழமை மாடு வளர்ப்பவர்கள் கூட்டம். மாட்டு வைத்தியம் பற்றி ஒரே ஒரு புத்தகம் எழுதிய என் வீட்டுக்காரரைப் பேச அழைத்திருந்தார்கள். அவரும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டே இருந்தார். எங்கள் நாய்க்கே அந்தப் பேச்சு மனப்பாடம். அப்போதுதான் கூட்டம் நடத்துகிறவரிடமிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது; இவரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"ஐயா தவறிட்டாருன்னு லைப்ரரி வெப்சைட்ல பாத்தமுங்க. கூட்டத்துல எல்லாரும் எந்திரிச்சு நின்னு அஞ்சலி செலுத்தறமுங்க. நீங்க அவருக்கு என்ன வேணுமுங்க?"

"நாந்தானுங்க அவரு!"

"எழவு ஊட்ல வெளையாடாதீங்க," என்று அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.

அவ்வளவுதான், இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். காபி கொடுத்தால், "செத்தவனுக்கு எதுக்குக் காபி?" என்றார். ஆனால் குடித்துவிட்டார்.

நான் அந்த லைப்ரரி இருக்கும் துடியலூருக்குப் பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டுக்காரம்மா மடியில் ஒரு கட்டு முருங்கைக்காய்; வழி முழுக்க என் விலாவில் குத்தியது. அதை விடுங்கள். நூலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க அம்மணி, என்ற ஊட்டுக்காரர் உங்க கம்ப்யூட்டர்ல செத்துப்போயிட்டாருங்க. கொஞ்சம் எழுப்பியுடுங்க."

"அய்யோ! அவரு பேரு என்னங்கம்மா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கல்யாணமானதிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையிலும் இல்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை. இப்போதும் சொல்லவில்லை, பாருங்கள்.

"அதை மட்டும் கேக்காதீங்க கண்ணு."

"பேரில்லாம எப்படிங்கம்மா தேடறது?"

"மாட்டைத் தேடுங்க. மனுசன் பக்கத்துல இருப்பாரு."

சிரித்துக்கொண்டே தட்டினாள். பச்சை அட்டை வந்தது, எங்கள் புத்தகமேதான். பக்கத்தில் தலையில் உருமால் கட்டிய ஒரு கிழவர் படம்.

"இவருதானுங்களா?"

"இது அவரோட தாத்தனுங்க!"

தாத்தா அந்தக் காலத்தில் பேர்போன மாட்டு வைத்தியர். அவரைப் பற்றி யாரோ இன்டர்நெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். நூலகம் தன் புத்தகப் பட்டியலை வெளியிலிருக்கும் அந்தத் தகவல்களோடு புதிதாக இணைத்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருக்கவே, பேரன் புத்தகத்தைக் கம்ப்யூட்டர் தாத்தாவோடு முடிச்சுப் போட்டுவிட்டது.

"இனிசியலுமா ஒண்ணு?" என்றாள்.

"எங்க ஊட்ல பையனுக்குத் தாத்தன் பேருதானுங்க வெப்போம். அப்ப தாத்தனோட அப்பன் பேரும், பேரனோட அப்பன் பேரும் ஒண்ணுதானுங்களே?"

"ரெண்டே பேரு மாத்தி மாத்தி வருதுங்களா?"

"புதுசா யோசிக்கற வேல மிச்சங்க கண்ணு."

அவள் புத்தகம் அச்சான வருடத்தைப் பார்த்தாள். "செத்த பொறகும் புஸ்தகம் எழுதியிருக்காரே உங்க தாத்தா!" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்தாள். வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு எண் கொடுத்தாள்.

"பேரு ஒண்ணா இருந்தாலும் நம்பர் வேறங்கம்மா. இனி மாறாது."

"அந்த நம்பரை நான் வாயில சொல்லலாமுங்களா?"

"தாராளமா!"

நீளமான எண். கடைசியில் எழுபத்தொன்று என்று முடிந்தது. அதை மட்டும் பிடித்துக்கொண்டேன். திருத்திய பக்கத்தை அவளே என் போனிலிருந்து காங்கேயத்துக்கு அனுப்பினாள். சாயங்காலம் அந்த ஆள் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி அழைத்தார். இவர் எழுந்து வேட்டிக்குக் கஞ்சி போடச் சொன்னார். அவருடைய நம்பர் எழுபத்தொன்று என்று நான் வந்ததுமே சொல்லியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நன்றாகத்தான் பேசினார். நிறுத்தத்தான் தெரியவில்லை. மேடையிலிருந்து இறங்கியும் ஒரு காளைக்காரரைப் பிடித்துக்கொண்டார். கடைசி பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"ஏனுங்க!" என்று கத்தினேன். கூட்டத்தில் பாதி ஆண்கள் திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை.

"எழுபத்தொண்ணு!" என்றேன்.

அவர் ஒருத்தர் மட்டும் திரும்பினார்.