மருந்து டப்பாவுடன் போன செல்வி அக்கா

எங்கள் கடன் குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள்தாம் அதைக் கட்ட வேண்டும். அதனால், கட்டாதவர் வீட்டு வாசலில் எல்லோரும் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கம். பட்டதாரியான நானும் அதைத் தவறென்று எண்ணியதில்லை.

சென்ற குறுவை நெல் சாகுபடியின்போது, தவணை நாளில் செல்வி அக்காவின் வீடு பூட்டியிருந்தது. நாங்கள் வாசலில் அமர்ந்ததும், "காலையிலேயே பூச்சிமருந்து டப்பாவ எடுத்துக்கிட்டு வாய்க்கா பக்கம் போச்சுங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். முந்தின நாள், தவணைக்குப் பணமில்லை என்று சொன்ன அக்காவை நாங்கள் கடிந்து பேசியது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது. ஓடினோம்.

வயலில் அக்காவின் தம்பி மருந்து அடித்துக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்து சிரித்தார்.

"ஏன்டி, நான் செத்துட்டேன்னு ஓடியாந்தீங்களா, இல்ல என் தவணை உங்க தலையில விழுந்துரும்னு ஓடியாந்தீங்களா?"

இரண்டில் எது என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அன்றைய தவணையை நாங்களே பகிர்ந்து கட்டினோம். அறுவடைக்குப் பின் அக்கா திருப்பிக் கொடுத்தார். இப்போது இத்தகைய நெருக்கடிக்கென்று குழுச் சேமிப்பில் ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறோம். கூட்டமாகச் செல்லாமல் ஒருவர் மட்டும் போய் விசாரிக்கிறோம். சென்ற மாதம் வேறொருவர் வீட்டுக்கு நான் போனேன். அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடிக்கும்வரை தவணையைப் பற்றிப் பேசவில்லை.