துணைக்கு வந்தவளிடமும் ஒரு கேள்வி

போன வருடம் ஐப்பசி மாதம். போடிமெட்டுச் சாலையில் பாறை சரிந்து விழுந்ததால், தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் எதுவும் மலையேறவில்லை. ஏலக்காய் பறிக்கப் போகும் என் மனைவிக்கு அன்று வேலை இல்லை. சும்மா இருப்பாளா? என்னை இழுத்துக்கொண்டு போடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். குடியை விட அங்கே ஆலோசனை கொடுக்கிறார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நான் ஏலக்காய் ஸ்டோரில் காயைச் சலித்துத் தரம் பிரிக்கிறவன். சாயங்காலம் வரைக்கும் நல்லவன்தான். அதற்குப் பிறகு கால் தானாகப் பிராந்திக் கடைப் பக்கம் திரும்பிவிடும். வீட்டில் எது குறைந்தாலும் அதற்கு என் குடிதான் காரணம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியவில்லையா, என் குடி. கூரை ஒழுகுகிறதா, அதுவும் என் குடி. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் அறிவுரை கேட்க வேண்டியிருக்கும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனேன். ஆலோசகர் சின்னப் பெண். அறிவுரையே சொல்லவில்லை. எப்போதிருந்து, எவ்வளவு, குடிக்காத நாளில் கை நடுங்குமா என்று கேள்விகளாகக் கேட்டார். நான் ஒன்று சொன்னால் என் மனைவி பக்கத்திலிருந்து இரண்டு சேர்த்துச் சொன்னாள். திருடனைக் கையோடு பிடித்து வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சீட்டாட்டம், செல்போனில் ரம்மி, லாட்டரி, பந்தயம் என்று ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். எனக்குச் சீட்டைக் கலைக்கக்கூடத் தெரியாது என்றேன். அந்த ஒன்றிலாவது நான் சுத்தம் என்று சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அக்கா, உங்ககிட்டயும் இதையே கேட்டுக்கிறேன். கூட வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்குறதுதான்.”

அவள் சிரித்தாள். மலை மேலே, கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டில் டீ குடிக்க ஜீப் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கேரளா லாட்டரி விற்பார்கள். எல்லாரும் எடுக்கிற மாதிரி தானும் எப்போதாவது எடுப்பதாகச் சொன்னாள். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆலோசகர் தலையாட்டிவிட்டு, முன்பைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டும்போல இருக்கிறதா என்று கேட்டார். அடுத்து, இதை வீட்டில் மறைக்கவோ மாற்றிச் சொல்லவோ வேண்டி வந்ததா என்று கேட்டார்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கேட்டவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். இவருக்குத் தெரியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

அண்ணன் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டுமா என்று ஆலோசகர் அவளிடம் கேட்டார். நான் எழுந்தே விட்டேன்.

“இருக்கட்டும் தாயி. அவரு குடிச்ச கதையெல்லாம் அவரு முன்னாடி வச்சுத்தான சொன்னேன். என் கதைய மட்டும் ஒளிச்சா எப்பிடி?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கூலியில் பாதிக்கு மேல் லாட்டரிக்கே போயிருக்கிறது. நேற்று விட்டதை இன்று பிடித்துவிடலாம் என்று மேலும் மேலும் எடுத்திருக்கிறாள். மத்தியானம் குலுக்கல் முடியும்வரை கை காய் பறித்தாலும் மனசு அதிலேயே கிடக்குமாம். ஒரு பரிசு விழுந்தால் என் குடியில் போனதை ஈடுகட்டிவிடலாம் என்றுதான் ஆரம்பித்திருக்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. இத்தனை வருடம் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டதே! வீட்டுக்குப் போனதும் எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுக்கொண்டு வந்த ஆலோசகர், அதே குரலில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று கேட்டார்.

“ஒரு நா மெட்டுல ஜீப்பு நின்னப்ப எல்லாரும் டீ குடிக்கப் போனாக. நான் ரோட்டோரம் நின்னு கீழ பள்ளத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். வெரசா வா ஆத்தான்னு டிரைவரு ஹாரன் அடிச்சாரு. ஏறிட்டேன்.”

என் குஷி போன இடம் தெரியவில்லை. அப்படி நின்ற அன்று சாயங்காலமும் அவள் வீட்டுக்கு வந்து உலை வைத்திருப்பாள். நான் தள்ளாடி வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஆலோசகர் பதறவில்லை. இப்போது அந்த நினைப்பு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். மறுபடி வந்தால் உடனே யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். அவள் முகவாயால் என் பக்கம் காட்டினாள். என் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நேரம் என்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவள் காட்டிய ஆள் நான்தான். அடுத்த வாரம் இரண்டு பேரும் ஒரே நாளில் வாருங்கள் என்று ஆலோசகர் அனுப்பி வைத்தார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். யோசித்து வைத்திருந்த வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

“மெட்டுல ஜீப்பு நின்னா எனக்கொரு போனப் போடு” என்றேன்.

“நீங்க கடையத் தாண்டுறப்ப எனக்குப் போடுங்க” என்றாள்.

இன்று வரை அப்படித்தான் செய்கிறோம். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. மழையா, சாப்பிட்டாயா, அவ்வளவுதான். நடுவில் நான் இரண்டு தடவை சறுக்கினேன், அவள் ஒரு தடவை. அதையும் அந்த அறையிலேயே போய்ச் சொன்னோம். குடிகாரனைத் திருத்தக் கூட்டி வந்தவள்தானே என்று அந்தப் பெண் அன்று கேள்விகளை என்னோடு நிறுத்தியிருந்தால், ஜீப் நிற்கும்போதெல்லாம் என் மனைவி இன்னமும் தனியாகத்தான் கீழே பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.