நிறுத்து பட்டனும் மனோகரியின் பெயரும்

சபனெல் வீதித் தையல் தொழிற்சாலையில் மனோகரியக்காவுக்குப் பக்கத்து மெஷினில் பதினாறு வருடம் இருந்தவள் நான். அவரை அறியாதவர்கள் எல்லாம் வாய் ஓயப் பேசி முடித்துவிட்டார்கள். இனி நான் பேசுகிறேன்.

அக்காவின் பெருமை அவருடைய நிதானம். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், சட்டைப் பையின் மூலையில் ஊசி நிற்கவேண்டிய இடத்தில்தான் நிற்கும். ஒரு நூல் தள்ளாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் கூட்டிவந்து சூப்பர்வைசர் அவர் தைப்பதைத்தான் காட்டுவார். மட்டக்களப்பிலிருந்து வந்து, பிரெஞ்சில் நாலு வசனம் சேர்த்துப் பேச வராத மனுஷிக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே மரியாதை அது.

அந்த நிதானமே அவரைக் கவிழ்த்தது. மெற்றோ ரயில் நிலையத்துக்கும் வில்லரே பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பார். ஒருநாள் குளிருக்கு ஒதுங்கியவர், உள்ளே இருந்த சூதாட்ட மெஷினைப் பார்த்தார். திரையில் பழங்கள் உருண்டன. கைக்கு நேரே ஒரு பெரிய பட்டன்: நிறுத்து. அழுத்தியதும் படங்கள் டக்கென்று நின்றன. சரியான நேரத்தில் அழுத்தினால் வெல்லலாம் என்று அக்கா நம்பிவிட்டார். நிறுத்துவதுதானே அவர் தொழில்!

“இன்னும் கொஞ்சம் பழகினாப் பிடிச்சிருவன், புள்ள,” என்று என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். எனக்கும் அவர் கையில் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு பனிக்காலம் அப்படிப் போனது, சம்பளமும் போனது. ஒரு ஜனவரி மாலை, ஏழு வயது மகள் மேனுகா பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்கியபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா பாரில் இருந்தார். பிள்ளை ஒன்றரை மணி நேரம் வெளிப்படிக்கட்டில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி கண்டு உள்ளே தூக்கிப் போனபோது இரண்டு விரல்கள் வெள்ளையாக விறைத்துப் போயிருந்தன. விரல்கள் தப்பின. அதற்குப் பிறகு அக்கா அந்தப் பார் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டை நினைக்காத நாளும் அவருக்கு இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, அந்த மெஷின்களை நடத்துகிற நிறுவனத்துக்கு எதிராக ஒரு கூட்டு வழக்கு நடப்பதாகக் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீலிடம் போனார். வக்கீல் ஒரு விஷயம் சொன்னார். ஆட்டத்தைத் தொடங்கிய கணமே வெற்றியா தோல்வியா என்று மெஷின் முடிவு செய்துவிடுமாம். நிறுத்து பட்டன் படங்களை மட்டும்தான் நிறுத்தும்.

“அப்ப என்ட கை?” என்றார் அக்கா.

“உங்கள் கைக்கு அங்கே வேலையே இல்லை.”

அக்கா மூன்று தடவை திருப்பிக் கேட்டார். முதலில் அழுதார். பிறகு வந்த கோபத்தைப் பார்த்து வக்கீலே கதிரையைப் பின்னால் தள்ளினார். சாட்சி சொல்வேன், சொந்தப் பெயரில் சொல்வேன் என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்.

துறைமுகத்தில் வேலை செய்யும் கணவர் சூசைப்பிள்ளைக்கு அதுதான் பொறுக்கவில்லை. “பேரை மறைச்சுச் சொல்லலாம் எண்டு வக்கீலே சொல்றார். பேப்பரில வந்தா நான் கோயில் பக்கம் எப்படித் தலை காட்டுறது?”

“களவெடுத்தவன் ஒளிக்கட்டும். நான் ஏன் ஒளிக்கணும்?”

“அப்ப தனியாப் போ.”

படிக்கட்டுக் கதையும் வெளியே வரும் என்று மகளிடம் அக்கா அனுமதி கேட்டார். “போய்ச் சொல்லுங்கோ, மமான்,” என்றாள் மேனுகா. அம்மாவை அவள் பிரெஞ்சில்தான் கூப்பிடுவாள்.

நீதிமன்றத்துக்கு நான்தான் கூடப் போனேன். நிறுவனத்தின் வக்கீல் மெல்லிய குரலில் விஷத்தை இறக்கினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “இது அதிர்ஷ்ட ஆட்டம் என்று மெஷினில் எழுதியிருந்ததே?”

“பிரெஞ்சில, பொடி எழுத்தில, அடியில எழுதியிருந்தது. பட்டன் மட்டும் ஏன் பெரிசா நடுவில இருந்தது? எங்கட தொழிற்சாலையில வேலை செய்யாத பட்டனை மெக்கானிக் கழட்டி எறிஞ்சிருவார். நீங்க அதை ஏன் வச்சீங்க?”

வக்கீல் தாளைப் புரட்டினார். “பிள்ளையைப் பனியில் நிற்கவைத்தது மெஷினா, நீங்களா?”

அக்கா நிமிர்ந்தார்.

“நான்தான். மனோகரி சூசைப்பிள்ளை. அந்தப் பிழையை நீங்க எனக்குக் காட்டத் தேவையில்லை, நான் அதோடதான் படுத்து எழும்புறன். என்ட பிழைய என்ட பேர்ல சொல்லிப்போட்டன். அந்தப் பட்டனை வச்ச ஆளையும் கூட்டி வாங்க. அவரும் தன்ட பேரைச் சொல்லட்டும்.”

வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. பத்திரிகையில் மட்டும் அடுத்த நாளே பெயர் வந்துவிட்டது.

அந்த ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வாசலில் நின்றோம். அக்காவும் கணவரும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். அருமைராசா என்பவர் வந்து சூசைப்பிள்ளையின் தோளைத் தட்டினார். நல்ல மனுஷன், தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டார்.

“சூதாட்டக் கேஸில ஒரு மனோகரி எண்டு பேப்பரில கிடந்தது. அது ஆரோ வேற ஆள்தானே, அண்ணை?”

சூசைப்பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வேற ஆள் இல்லை. என்ட மனிசிதான்.”