பட்டுனு பேசுகிறவள்

எங்கள் சூலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணை "பட்டுனு பேசுவா" என்று சொன்னால், சம்பந்தம் பேசப் போகிறவர்கள் ஒருமுறை யோசிப்பார்கள். மனதில் இருப்பதை முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவள் என்று பொருள். மதுரைக்காரர்களுக்கோ அது பாராட்டு. என் மகனுக்கு மதுரையில் பெண் பார்க்கப் போனபோது, "எம்பொண்ணு எதையும் பட்டுனு பேசிரும்" என்றார் பெண்ணின் அப்பா. பெற்ற பெண்ணின் குறையை மறைக்காமல் சொல்கிறாரே, எவ்வளவு நல்ல மனுசன் என்று சம்மதித்துத் தொலைத்தேன்.

போன மாதம் சூலூரில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனேன். சர்க்கரை மாத்திரை போட்டால் அரைமணி நேரத்துக்குள் நான் சாப்பிட்டாக வேண்டும். போனதும் தட்டு வைப்பார்கள் என்ற தைரியத்தில் பஸ்ஸிலேயே விழுங்கிவிட்டேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். மருமகள்தான் இருந்தாள்.

"அத்தை, சாப்பிடுறீங்களா?"

"இருக்கட்டும் கண்ணு, இப்பத்தானே வந்தேன்."

எங்கள் வழக்கம் அது. வந்தவர் இரண்டு முறை வேண்டாம் என்பார். மூன்றாம் முறை வீட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைப்பார். முதல் தடவையே உட்கார்ந்தால், சோற்றைக் காணாதவள் என்று பேச்சு வரும். இவளோ, "சரி அத்தை" என்று ஹாட்பாக்ஸை மூடிவிட்டு டிவியைப் போட்டாள்.

ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சட்னி வாசம் லிப்ட் வரைக்கும் வருது கண்ணு."

"பூண்டு கூடிப்போச்சு அத்தை."

"இட்லி பஞ்சாட்டம் வந்திருக்குமாட்ட இருக்குது?"

"உங்களுக்கு மத்தியானம் சுடச்சுட ஊத்தித் தர்றேன்."

மத்தியானமா! கை நடுங்கியது. முதுகெல்லாம் வேர்வை. டிவியில் செய்தி வாசித்தவள் இரண்டு பேராகத் தெரிந்தாள். மரியாதையைக் காப்பாற்றுவதா, உயிரைக் காப்பாற்றுவதா? இத்தனை வயசில் யார் வீட்டிலும் சொல்லாததைச் சொன்னேன்.

"அம்மணி, எனக்குப் பசிக்குது. மாத்திரை போட்டுப்போட்டேன். இட்லி வையி."

துள்ளி எழுந்தாள். முதலில் ஒரு கரண்டி சர்க்கரையை என் வாயில் கொட்டினாள். பிறகு தட்டு வந்தது. கூடவே வசவும் வந்தது.

"வாய் இருக்குல்ல அத்தை? வந்ததும் பசிக்குதுன்னு சொன்னா கொறஞ்சா போயிருவீங்க? மயங்கி விழுந்திருந்தா உங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல? அறிவு வேணாம்?"

மாமியாரிடம் இப்படி ஒருத்தி பேசினால், எங்கள் ஊரில் ஒரு வருசத்துக்கு அந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். நானும் எழுந்து போயிருப்பேன். ஆனால் மூன்றாவது இட்லி வாயில் இருந்தது. நாலாவதை அவள் கேட்காமலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.