ஆனியில் குடிபோன மரகதம் அம்மாள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் வண்டி வந்து நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், உங்க நர்ஸம்மா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம் எடுத்தாச்சு" என்றார். தூங்கினவர் எழுந்திருக்கவில்லையாம். ஊரில் பாதிப் பிள்ளைகளை இந்த உலகத்துக்கு எடுத்துக்கொடுத்த அம்மாளுக்கு, தன் சாவைச் சொல்லியனுப்பச் சொந்தமென்று யாரும் இல்லை. ஆனால் அந்தக் கண்டக்டர் வழியெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி அறுத்தது அந்தக் கைதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன். அழுகையும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மரகதம் அம்மாளைப் பற்றி நாலு வரி நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நாங்கள் ஜெயித்தது ஞாபகத்துக்கு வருகிறது. ஆகையால் இதை ஒப்பாரியாக எழுதப்போவதில்லை. அரியலூர் மேலச்சந்தில் என்னோடு ஒழுகுகிற கூரைக்குக் கீழே குடியிருந்தவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். வாடகை கொடுக்கிற யாருக்கும் இதில் பங்கு உண்டு.

அவர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. குள்ளமான உருவம், வெள்ளைப் புடவை, கையில் ஒரு தோல் பை. சிரித்தால் சந்தின் கோடி வரைக்கும் கேட்கும். சிறுவயதிலேயே கணவனை இழந்தவர், தனியாக வாடகைக்கு இருந்தார். அவர் போடும் காப்பியைக் குடித்தவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. அதைச் சொன்னால், "நான் புள்ள எடுக்கத்தான் படிச்சேன், காப்பி போட இல்ல" என்பார். கோபம் வந்தால் யாரென்று பார்க்காமல் வைவார், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார். திட்டு வாங்கினவர்தான் நாள் முழுக்க அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும்.

என் மகள் பிறந்தது ஓர் ஐப்பசி அடைமழையில். எங்கள் வீட்டு நாட்டு ஓட்டுக் கூரையில் ஒழுகாத இடமே இல்லை. பிரசவ அறையில் என் மனைவி காமாட்சிக்கு மேலே நான் குடை பிடிக்க வேண்டும் என்று அம்மாள் உத்தரவு போட்டார். ஆண்பிள்ளை அங்கே நிற்கலாமா என்று நான் இழுத்தேன். "வாத்தியாரே, சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டுக் குடையைப் பிடிங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அப்படியே பிறந்தது குழந்தை. மறுநாள் காலையில் அம்மாள் கடலை மண்டிக்குப் போய், எங்கள் சந்துக்கே சொந்தக்காரரான முதலாளியிடம், "உங்க வூட்டுல ஒரு புள்ள நனைஞ்சுக்கிட்டே பொறந்திருக்குங்க, கூரையை மாத்துங்க" என்றார். முதலாளி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நல்லதுதானேம்மா, பொறந்ததும் கங்காஸ்நானம் ஆயிடுச்சு" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அம்மாள் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

முதலாளியின் வித்தையை வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். யுத்த காலத்தில் பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக எங்கள் பக்கம் வந்தார்கள். மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாடகை கிடைத்த காலம் அது. அப்போது ஏறிய வாடகை, வந்தவர்கள் திரும்பிப் போன பிறகும் இறங்கவில்லை. ஏறத்தான் செய்தது. அதுவும் எப்போது ஏறும் என்றால், ஒவ்வொரு வருஷமும் ஆனி முதல் தேதி. 'ஆனி அடியிடாதே, கூனி குடிபோகாதே' என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அடுத்து வருவது ஆடி, அதில் பேச்சே இல்லை. ஆக இரண்டு மாதம் குடித்தனக்காரன் கூண்டுக்கிளி. ஆவணி வருவதற்குள் புது வாடகை பழகிப்போய்விடும். நாங்கள் அதற்கு 'ஆனிச் சுங்கம்' என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டே கட்டிவந்தோம். வாடகைக்கு ஏதோ சட்டம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் படித்தோம். சட்டம் மதராஸில் இருந்தது, நாங்கள் அரியலூரில் இருந்தோம்.

யுத்தம் முடிந்த பிறகு பஞ்சாயத்து போர்டு தன் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக ஊருக்குக் கிழக்கே ஒரு வரிசை வீடு கட்டியது. அதுவரை அவர்கள் ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்தார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் முதலில் விசாரிக்கப் போவது அவர்களைத்தான். புது வரிசைக்குச் சுண்ணாம்புக்கல் சுவர், பொதுக்கிணறு, எல்லாவற்றுக்கும் மேல் ஒழுகாத சீமை ஓடு. அந்தச் சீமை ஓடுதான் எங்கள் சந்தின் கண்ணை உறுத்தியது. 'நாம் வாடகை கொடுத்து நனைகிறோம், குப்பை அள்ளுகிறவன் சும்மா படுத்து உலர்கிறானா' என்று கிணற்றடியில் பேச்சு, கடைத்தெருவில் பேச்சு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்குள்ளும் பேச்சு. சாதியும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. அதை மறைத்து எழுதினால் அம்மாள் மேலேயிருந்தே என்னை வைவார்.

அந்த ஆனி முதல் தேதி முதலாளி எங்களையெல்லாம் மண்டி முற்றத்துக்கு வரச் சொன்னார். வழக்கம்போல வாடகையை ஏற்றினார். ஆனால் இந்தத் தடவை கூடவே ஒரு காரணமும் சொன்னார். "நான் என்னப்பா பண்றது? குப்பைக்காரனுக்கு சீமை ஓடு போட்டு வூடு கட்டிக் குடுக்குது போர்டு. அது யாரு பணம்? என் வரி. என் வரி எங்கேருந்து வரும்? உங்க வாடகையிலேருந்துதான் வரணும். எல்லாரும் ஒரு மகஜர்ல கையெழுத்துப் போடுங்க. அந்த வரிசைய அவனுங்களுக்குக் குடுக்கக் கூடாது, குத்தகைக்கு விடணும்னு கேப்போம். நானே எடுத்து உங்களுக்கே கம்மி வாடகைக்கு விடுறேன்."

கூட்டம் உறுமியது. பேனாவைத் தேடினார்கள். ஆவணி பிறந்ததும் குடிபோகக் காத்திருந்த ஏரிக்கரை ஜனங்களின் வீடு, அந்த முற்றத்தில் எங்கள் கையெழுத்தில் நின்றது.

"முதலாளி, ஒரு சந்தேகம்" என்று கடலை மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தார் அம்மாள். "அந்த வூடு கட்ட ஆரம்பிச்சது போன தையில. அதுக்கு முன்னால வருஷா வருஷம் ஆனியில ஏத்துனீங்களே, அது எந்த வூட்டுக்குப் போட்ட வரிங்க?"

முதலாளி யுத்தம், விலைவாசி, கடலை மகசூல் என்று என்னவோ சொன்னார்.

"சரிங்க. அந்த வரிசைய நீங்களே எடுத்து எங்களுக்கு விடுறீங்க. அங்க ஆனி வருமா, வராதா?"

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். "அவங்க கூரையப் பாத்து வயிறெரியறீங்களே, உங்க கூரைய ஒரு தடவ நிமிந்து பாருங்க. ஒழுக வுட்டவரு யாரு, ஏரிக்கரையில இருக்கறவங்களா? வாடகையை யாரு கையில குடுக்கறமோ அவங்களத்தான கேக்கணும்?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "புடிக்கலன்னா காலி பண்ணிட்டுப் போம்மா. ஆனியில எவன் வூடு மாறுறான்னு நானும் பாக்கறேன்" என்றார்.

"பாத்துடலாங்க" என்றார் அம்மாள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று கலைந்தோம். மகஜர் வெறும் காகிதமாக முதலாளியிடமே தங்கியது.

மறுநாளே அம்மாள் ரயில் பாதைக்கு அப்பால் வீடு பார்த்துவிட்டார். தோல் வியாபாரி ராவுத்தர், பட்டணத்து ஜனங்களை நம்பி அங்கே வரிசையாகக் கட்டிய வீடுகள், அவர்கள் போனபின் பூட்டிக் கிடந்தன. ஆனியில் வரலாமா என்று அம்மாள் கேட்டதற்கு, "எங்களுக்கு ஏதுங்கம்மா ஆனி, ஆடி? அல்லா குடுத்த நாளெல்லாம் நல்ல நாள்தான்" என்று பாதி வாடகைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார். காமாட்சி பயந்து போய் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு அவர் சொன்னதை நான் இன்றுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். "ஏம்மா, வயித்துலேருந்து வூட்டுக்குக் குடி வர்ற புள்ள, ஆனின்னு பாத்து நிக்குதா? நானும் இத்தன வருஷமா ஆனியில எடுத்த புள்ளைங்க எல்லாம் கொழுகொழுன்னு திரியுதே."

அவர் குடிபோனார். அவருக்கு என்ன ஆகப்போகிறதோ என்று சந்தே காத்திருந்தது. ஒன்றும் ஆகவில்லை. தினமும் காலையில் ரயில் பாதையைத் தாண்டி அதே பையோடு வந்தார், அதே சத்தத்தில் சிரித்தார், அதே மட்டமான காப்பியைக் கொடுத்தார். ஒரு வாரம் பார்த்துவிட்டு நாங்களும் மூட்டை கட்டினோம். எல்லோரும்தான். ஒரு வீடு பாக்கியில்லை.

வண்டிக்காரர்கள் வரவில்லை. ஆனியில் குடிசாமான் ஏற்றினால் மாட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது சந்து முனையில் பஞ்சாயத்துத் துப்புரவுத் தொழிலாளி சின்னானும் அவர் மனைவி செல்லாயியும் தங்கள் ஆட்களோடு வந்து நின்றார்கள். மகஜர் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மாளிடம் சின்னான் மெதுவாகச் சொன்னார்: "தூக்கிட்டு வந்து சேத்துடறோம்ங்க. ஆனா தண்ணிக் குடத்தையும் அரிசிப் பானையையும் எங்க கையில குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க."

சந்து ஜனங்கள் அவரவர் வாசற்படியைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிற அம்மாள் அன்றைக்கு வேண்டுமென்றே சும்மா நின்றார் என்று நினைக்கிறேன். காமாட்சிதான் முதலில் உள்ளே போனாள். நிறைகுடத்தைத் தூக்கிவந்து செல்லாயியின் இடுப்பில் வைத்து, "பாத்து, தளும்பும்" என்றாள். அவ்வளவுதான். என் மனைவியை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது. சில வீடுகளில் கொஞ்சம் தாமதமாகத் திறந்தது என்பதும் உண்மை. ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி கடக்கும்வரை நாங்களும் அவர்களும் பானை சட்டிகளோடு ஒன்றாக நின்றோம். ஊரே வேடிக்கை பார்த்தது.

அடுத்து வந்தது ஆடி. ஆடி வெள்ளியில் வீட்டில் விளக்கு எரியாவிட்டால் வீட்டுக்காரனுக்கே ஆகாது என்று முதலாளி வீட்டம்மா பிடிவாதமாக இருந்தார்களாம். முதலாளி தாமே எண்ணெய்க் கிண்ணத்தோடு காலி வீடு ஒவ்வொன்றாகப் போய் விளக்கேற்றினார். வாடகை வாங்கிப் பழகிய கை எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனதைக் கடைத்தெருவே எட்டிப் பார்த்தது. நானும் சாமான் வாங்குகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். பொல்லாத சந்தோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆவணி பிறந்தால் வேறு ஆட்கள் வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆவணி பிறந்தது, ஆட்களும் வந்தார்கள். ஆனால் ஆனியில் ஒரு சந்தே காலியானது என்று கேள்விப்பட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வாலிகண்டபுரத்திலிருந்து வீடு பார்க்க வந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் அம்மாளிடமே விசாரித்திருக்கிறார். "ஆனின்னுகூடப் பாக்காம அத்தன பேரும் ஓடுனாங்கன்னா, அந்த வூட்டுல என்னங்கம்மா இருக்கு?"

"முதலாளி இருக்காரு" என்றார் அம்மாள்.

வந்தவர் அடுத்த பஸ்ஸுக்கு ஊர் திரும்பிவிட்டார்.

கடைசியில் முதலாளி ரயில் பாதையைத் தாண்டி வந்தார். அம்மாள் அவருக்கு நாற்காலி போட்டார், காப்பியும் கொடுத்தார். அதையும் அவர் குடித்தார் பாவம். பழைய வாடகை, மழைக்கு முன் கூரை மாற்றுவது, இனி ஆனியிலும் ஆடியிலும் வாடகைப் பேச்சே எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. சிலர் திரும்பிப் போனோம். சிலர் ராவுத்தர் வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள். மகஜரை யாரும் அப்புறம் கண்ணால் பார்க்கவில்லை. அந்த ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஏரிக்கரை ஜனங்கள் சீமை ஓட்டு வரிசைக்குக் குடிபோனார்கள். செல்லாயி வீட்டில் பால் பொங்கியது. அம்மாள் முதல் பந்தியில் எங்களை இழுத்து உட்கார வைத்தார். நாங்கள் சாப்பிட்டோம். நன்றாகவே சாப்பிட்டோம்.

கண்டக்டர் இன்னொன்றும் சொன்னார். அம்மாளை எடுக்கிற நேரத்தில் கிழக்கு வரிசைக்காரர்களுக்கும் மேலச்சந்துக்காரர்களுக்கும் தகராறாம், யார் தோள் கொடுப்பது என்று. ரயில்வே கேட் வரைக்கும் அவர்கள், அதற்கப்பால் இவர்கள் என்று பிரித்துக்கொண்டார்களாம். அப்படி ஒரு தகராறு நம் பக்கத்தில் நடந்தது என்று கேட்க அம்மாள் இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

பெரம்பலூருக்கு மாற்றலாகி வந்த பிறகு இங்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். உழைக்கிற ஜனங்களுக்கு ஊருக்கு வெளியே வீடு கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. போன வாரம் எங்கள் தெருக்காரர்கள் அதை எதிர்த்து ஒரு மகஜரோடு என் வீட்டுக்கு வந்தார்கள். வாத்தியார் கையெழுத்து முதலில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். நான் பேனாவை எடுக்கவில்லை. "உங்கள் வாடகையை யார் கையில் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே தெரிந்தது. வெகுநேரம் பேசினோம், இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள், மற்றவர்கள் இருந்தார்கள். மரகதம் அம்மாளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். நாளைக் காலையில் எங்கள் தெருக் குடித்தனக்காரர்கள் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறோம். பேசப்போவது நான்.